நாலு மாதம் வாய் திறக்கக் கூடாது

போன கிழமை லண்டனில் இருக்கும் என் பெறாமகள், தங்கச்சியின் மூத்தவள், வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். அவளுக்கு இப்போது இரண்டு மாதம். காரில் ஏறினால் சத்தி, ரயிலில் ஏறினால் சத்தி. கர்ப்பிணிகள் பயணத்தில் வாந்தியைச் சமாளிப்பது எப்படி என்று யாரோ எழுதிப் போட்டதை எடுத்து அனுப்பிவிட்டு, "பெரியம்மா, நீங்கள் லோஞ்சிலை போய் வந்த ஆள்தானே, இது சரியோ பாருங்கோ" என்று கேட்டிருந்தாள். அதன் கீழே இன்னொரு வரி: "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, நாலு மாசம் போகட்டாம் எண்டு அம்மா சொன்னவ."

பட்டியலை வாசித்தேன். முன் இருக்கையில் இருங்கள். கண்ணாடியைத் திறந்து காற்று வர விடுங்கள். தூரத்து அடிவானத்தைப் பாருங்கள். கடும் மணங்களைத் தவிருங்கள். கூட வருபவர்களிடம் உதவி கேளுங்கள். நல்ல பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள், அவர்களில் ஒரு பிழையும் இல்லை. எனக்குத்தான் உச்சந்தலை வரை பத்திக்கொண்டு வந்தது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததைக் கூடக் கவனிக்காமல் குசினி வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடிவானமாம்! நான் வயிற்றில் பிள்ளையோடு குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் போய்வந்த லோஞ்சில், அந்த மரப் பயணப் படகில், என் கண்ணுக்கு முன்னால் இருந்தது தார் பூசிய பலகை. பலகை நீக்கலால் மேலே பார்த்தால் ஆம்பிளைகளின் செருப்புகள் தெரியும். பொம்பிளைகள் கீழே, ஆம்பிளைகள் மேலே. யார் போட்ட சட்டம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஏணிப்படியால் இறங்கி, லோஞ்சின் வயிற்றுக்குள்ளே, எஞ்சினுக்குப் பக்கத்தில் முழங்காலோடு முழங்கால் முட்ட நாங்கள் இருக்க வேண்டும். மேலே காற்று வரும், சாறி பறக்கும், தண்ணீர் அடித்தால் நனைந்து உடம்போடு ஒட்டும், பார்க்கிற கண்கள் கெட்டுப்போகுமாம். கண்கள் கெடாமல் இருக்க நாங்கள் ஒரு மணித்தியாலம் டீசல் புகை குடிப்போம்.

ரீச்சர்மார் என்றால் சாறி உடுக்கத்தான் வேண்டும், அது வேறு. ஆறு யார் நீளச் சாறியோடு அந்த ஏணிப்படியில் இறங்குவதை நீங்கள் ஒருமுறை செய்து பார்த்திருந்தால் அடிவானத்தைப் பற்றி எழுதியிருக்க மாட்டீர்கள்.

இதில் என்ன பகிடி என்றால், நானும் தீவாள்தான். வேலணையில் பிறந்து, புங்குடுதீவு இறுப்பிட்டியில் கலியாணம் முடித்தவள். யாழ்ப்பாணம் ரவுனில் படிக்கும்போது, "உங்களுக்கென்ன, நீங்கள் கடலிலை நீந்திற ஆக்கள்" என்று பெட்டைகள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் நெல்லும் புகையிலையும் தெரியும், கடலில் கால் நனைத்தது தீர்த்தத் திருவிழாவுக்கு மட்டும்தான். தீவுக்குத் தீவு பாலம் கிடந்தது, பஸ் ஓடியது. முதல் நியமனம் நெடுந்தீவுக்கு என்று கடிதம் வந்தபோதுதான், பாலம் இல்லாத தீவும் இருக்கிறது என்பது என் வயிற்றுக்குத் தெரிய வந்தது. முதல் நாள் இறங்குதுறையில் கால் வைத்ததும், வரவேற்க வந்த அதிபரின் சப்பாத்துக்குப் பக்கத்தில் சத்தி எடுத்தேன். பாவம், மனுசன் ஒன்றும் நடக்காத மாதிரி "வாங்கோ ரீச்சர்" என்றார்.

அது வெறும் கடல் சத்தி. பழகப் பழகக் குறைந்தது. மற்றது அப்படி இல்லை.

சண்டை முடிந்து ஒரு சில வருடங்கள். இவருக்கு வவுனியாவில் வேலை, சனிக்கிழமை வந்து ஞாயிறு பின்னேரம் போய்விடுவார். நானும் மாமியும்தான் வீட்டில். முதல் பிள்ளை வயிற்றில் வந்தபோது மாமி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, நாலு மாசம் போகுமட்டும் வாய் திறக்கக் கூடாது. நாவூறு பொல்லாதது." எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். நானும் ஓம் என்றேன். இரண்டரை மாதத்தில் அது கலைந்துபோனது. மாமி என் தலையைத் தடவிவிட்டு, "நல்ல காலம், ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார். நாலாம் நாள் பள்ளிக்கூடம் போனேன். என்ன ரீச்சர், காய்ச்சலோ என்று கேட்டார்கள். ஓம், காய்ச்சல் என்றேன். இல்லாத பிள்ளை இல்லாமல் போனதற்கு யாரிடம் போய் அழுவது? பள்ளிக்கூடத்துக் கக்கூசில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆகவே அடுத்த சித்திரை வருடப்பிறப்போடு இரண்டாவது தங்கியபோது எனக்கு ஒரே ஒரு நினைப்பு. இது நிற்க வேண்டும். சோறு வேண்டாம், நித்திரை வேண்டாம், என்னுடைய மானம் மரியாதை வேண்டாம், இது நின்றால் போதும். நாலு மாதம் என்ன, நாற்பது மாதம் வாயைத் தைத்து வைக்கச் சொன்னாலும் வைத்திருப்பேன்.

வாயைத் தைக்கலாம், சத்தி வெளியே வராமல் இருக்குமா? இறுப்பிட்டியில் பஸ் ஏறும்போதே ஓங்காளிக்கத் தொடங்கும். கைப்பையில் தேசிக்காய், உப்புப் பிசுக்கோத்து, நாலு சொப்பிங் பை, ஒரு போத்தல் இஞ்சித் தண்ணீர். தேசிக்காயை நகத்தால் கீறிக் கீறி மணந்து, விரல் நுனி எரியும். எஞ்சின் உயிர்க்கும்போது வரும் முதல் புகைக்கு மூச்சைப் பிடித்து முப்பது வரை எண்ணுவேன். கணக்கு ரீச்சர் அல்லவா, எண்ணுவதில் நம்பிக்கை. இருபத்திரண்டில் முதல் பை முடிந்துவிடும்.

எஞ்சினைச் சொன்னால் மற்ற மணமும் சேர்ந்து வருகிறது. பிலோமினா அக்காவின் கருவாட்டுக் கூடை. நெடுந்தீவுக்காரி. பகலில் நான் பள்ளிக்கூடம் முடிந்து திரும்பும் லோஞ்சில், கட்டாக் கருவாடும் திருக்கைக் கருவாடும் நிறைந்த கூடையோடு ரவுனுக்குப் போவார். அங்கே தன் தமக்கை வீட்டில் தங்கி விற்றுவிட்டு அடுத்த நாள் காலை என்னோடு திரும்புவார், வெறுங்கூடையோடு. வெறுங்கூடை என்றால் மணம் இல்லை என்று நினைக்காதீர்கள். இந்த மனுசிக்கு இருக்க இடம் கிடைப்பது எப்போதும் எனக்கு முன்னால்தான். நான் மூக்கைச் சாறித்தலைப்பால் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்புவேன். வெட்கமாய்த்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். சாதாரண நாளிலும் நான் அவரோடு கதைத்திருக்க மாட்டேன். கருவாடு விற்கிறவர்களோடு அளவாய்க் கதை என்றுதான் எங்கள் வீட்டில் வளர்த்தார்கள்.

அவர் என்னோடு கதைத்தார். "ரீச்சர், கடல் இன்னும் ஒத்துவரேல்லையோ? இந்தாங்கோ" என்று மடியில் இருந்து ஒரு குளிசையை எடுத்து நீட்டினார். சத்திக் குளிசை, வாந்தியை நிறுத்தும் மாத்திரை. அந்த லோஞ்சில் எல்லாரிடமும் அது இருந்தது. ஒருவர் தொடங்க, மற்றவர்களும் எடுத்து நீட்டினார்கள், எல்லாம் நல்ல மனதோடு. பிள்ளை இருக்கும் வயிற்றுக்குள் எந்தக் குளிசை போகலாம், எது போகக் கூடாது என்று எனக்கு என்ன தெரியும்? கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். "வேண்டாம்" என்றேன். ஏன் என்றார்கள். "எனக்குக் குளிசை பிடிக்காது" என்றேன். பக்கத்தில் இருந்த ஒருத்தி மற்றவளிடம் சொன்னது எஞ்சின் சத்தத்துக்குள்ளும் கேட்டது: "எடுப்பு. எங்கடை கையாலை வாங்கமாட்டினம்." பிலோமினா அக்கா குளிசையைத் திரும்ப மடியில் முடிந்தார்.

அது மட்டுமா? கொஞ்சக் காலத்துக்கு மண்ணோடு இருக்கும், கடல் தாண்டாமல் போகக்கூடிய பள்ளிக்கூடம் ஒன்று தாருங்கள் என்று கல்விக் கந்தோருக்கு விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? கந்தோரில் மாமியின் மச்சாளின் மகள் வேலை செய்தாள். எழுதினால் அன்றைக்கே இறுப்பிட்டி முழுக்கத் தெரியும். "அடிக்கடி தலைச்சுற்று" என்று எழுதினேன். தலைச்சுற்றுக்கு மாற்றம் கிடையாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த ஆளைப் பிழை சொல்ல எனக்கு வாயில்லை, என் தலைச்சுற்றை அவர் சரியாகத்தான் மதிப்பிட்டிருந்தார்.

ஆனியில் சோளகம் கிளம்பியது. தெற்கில் இருந்து அடிக்கிற காற்று. அந்த மாதங்களில் நெடுந்தீவுக் கடல் கொதிக்கிற சோற்றுப்பானை மாதிரி இருக்கும். எனக்கு அப்போது மூன்றாம் மாதம் முடிகிற நேரம். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து லோஞ்ச் ஏறினோம். பாதிக் கடலில் தண்ணீர் மேலால் வந்து ஏணி வாசலுக்குள் கொட்டத் தொடங்க, மேலே நின்ற ஆம்பிளைகள் எங்களைக் காப்பாற்றுகிறோம் என்று வாசலில் தார்ப்பாய்ப் படங்கை இழுத்து மூடினார்கள். கீழே கும்மிருட்டு. புகை. கருவாடு. ஒரு பக்கம் பிரார்த்தனை, ஒரு பக்கம் "முருகா". எடுப்பதற்கு வயிற்றில் ஒன்றும் இல்லாமல் வெறும் பித்தமாய் எடுத்துக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி. முதல் பிள்ளை போன அன்று வந்த அதே இடத்தில்.

எப்படி எழும்பினேன் என்று தெரியாது. யாருடைய மடியிலோ மிதித்தேன். ஏணியில் ஏறிப் படங்கைத் தலையால் முட்டித் தள்ளினேன்.

"ரீச்சர், கீழை இருங்கோ! பொம்பிளையள் இஞ்சை நிக்கேலாது!" ஒருவர் தோளில் கை வைத்து அமத்தினார். சுக்கானில் நின்ற, லோஞ்ச் ஓட்டும் அந்தோனி அண்ணையும் திரும்பிக் கத்தினார்: "ஆரப்பா அது? கீழை இறக்கு, விழப்போகுது!"

எனக்கு வந்தது பயம் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். பயம் இல்லை, கோபம். மூன்று மாதமாய் விழுங்கி விழுங்கி வைத்திருந்த கோபம். தொண்டை கிழியக் கத்தினேன்.

"எனக்கு வயித்திலை பிள்ளை! விடுங்கோடா என்னை!"

நான் ஒரு ஆசிரியை. "டா" போட்டு நான் பேசிய ஒரே நாள் அது, அதுவும் என் மாணவர்களின் தகப்பன்மாரை. தோளில் இருந்த கை நெருப்புப் பட்டது போல எடுபட்டது. அந்தோனி அண்ணை எஞ்சினைக் குறைத்து, அலைக்கு முகம் கொடுத்து லோஞ்சைத் திருப்பினார். தூக்கித் தூக்கிக் குத்தியது நின்று மெல்லத் தாலாட்டத் தொடங்கியது. கரைக்குப் போக இன்னும் முக்கால் மணித்தியாலம் பிந்தும் என்று தெரிந்தேதான் திருப்பினார். எனக்குப் பின்னால் ஏறி வந்த பிலோமினா அக்கா சுக்கானடியில் காலை அகட்டி இருந்து, என்னை இழுத்து முன்னால் இருத்தி, இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அடி விசரி," என்றார். ரீச்சரும் போச்சு, நீங்களும் போச்சு. "முன்னமே சொல்லியிருந்தா இந்தக் கூடையை நான் மேலை வைச்சிருப்பனே. நான் உனக்குக் குளிசையெல்லோ தந்தனான், பாவி."

வலி நின்றுவிட்டது. காற்று முகத்தில் அடித்தது. தூரத்தில் நயினாதீவுக் கோபுரம் தெரிந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது.

அடுத்த நாளில் இருந்து சுக்கானடி என்னுடைய இடம். அந்தோனி அண்ணை ஒரு சாக்கை நாலாய் மடித்துப் போட்டு வைப்பார். கருவாட்டுக் கூடை லோஞ்சின் கடைசி முனையில் தார்ப்பாயால் சுற்றிக் கிடக்கும். எடுப்பு என்று சொன்னவள் நெல்லிக்காய் கொண்டுவந்தாள். இத்தனையும் முதல் நாளே கிடைத்திருக்கும், நான் வாயைத் திறந்திருந்தால். அதை நினைக்க நினைக்க எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

செய்தி எனக்கு முன்னமே பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருந்தது. மாமி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். கமறியது. "கமறினா நாவூறு இல்லை எண்டுதானே அர்த்தம் மாமி?" என்று கேட்டேன். முறைத்தார்.

ஆவணியில், ஐந்தாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அது போனது. லோஞ்சில் இல்லை, பஸ்ஸில் இல்லை. வீட்டில், கதிரையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பெரியாஸ்பத்திரியில் ஒரு நரைத்த டொக்டர், நான் கேட்காமலே என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "கடலாலையும் இல்லை பிள்ளை, நீர் செய்த எதாலையும் இல்லை. சிலது நிக்காது. எங்களுக்கும் ஏனெண்டு தெரியாது." மகள் என்றார்கள். என்னிடம் காட்டவில்லை. காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்று எனக்குத் தெரியாது, இவருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து மாமி சொன்னார்: "லோஞ்ச் நிறையச் சனத்துக்குச் சொன்னா நிக்குமே?" இவர் பக்கத்தில்தான் நின்றார். மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். பிறகு வெளிக்கிட்டு வவுனியா போய்விட்டார். ஒரு வார்த்தை, "அம்மா, விடுங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை விட எனக்கு என்மேல்தான் ஆத்திரம். நான் அதை நம்பினேன். டொக்டரின் பேச்சை விட்டுவிட்டு, பி.எஸ்.சி படித்த நான், என் வாயால்தான் பிள்ளை போனது என்று மாதக்கணக்கில் நம்பினேன்.

லீவு முடிந்து திரும்பிப் போனேன். போன முறை ஒருவருக்கும் தெரியாது. இந்த முறை லோஞ்சுக்கே தெரியும். பேசாமல் கீழே இறங்கி இருட்டுக்குள் இருந்துவிடுவோம் என்று ஏணிப்படியில் கால் வைத்தேன். "ரீச்சர்," என்றார் அந்தோனி அண்ணை, "உங்கடை இடம் இஞ்சை கிடக்கு." சாக்கு மடித்தபடி கிடந்தது. போய் இருந்தேன். பிலோமினா அக்கா வந்து பக்கத்தில் இருந்தார். நயினாதீவு தாண்டியதும் கேட்டார்:

"பேர் ஏதும் நினைச்சு வைச்சிருந்தனியோ பிள்ளை?"

யாரும் கேட்காத கேள்வி. அவர் காதுக்குள் சொன்னேன். அவர் அதைத் தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நல்ல பேர்," என்றார். அங்கே தொடங்கி நெடுந்தீவு மட்டும் நான் அழுதேன், குழாய் திறந்துவிடாமல்.

பிறகு எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டையும் நாள் தள்ளிப்போன கிழமையே லோஞ்ச் முழுக்கச் சொன்னேன், மாமிக்குக் கடைசியாய்த்தான் சொன்னேன். இரண்டும் நின்றன. பெரியவன் இப்போது என்னிலும் உயரம்.

அந்த மாதிரி லோஞ்சுகள் இப்போது இல்லை. ஜன்னலும் கதிரையும் உள்ள படகுகள் வந்துவிட்டன, விரும்பினவர்கள் விரும்பின இடத்தில் இருக்கலாம். அந்தோனி அண்ணை மகனோடு பிரான்ஸ் போய்விட்டார், அங்கே கடல் இல்லாத ஊராம். பிலோமினா அக்கா போன மாதம் செத்துப்போனார்.

இவரும் நானும் செத்த வீட்டுக்கு நெடுந்தீவு போனோம். இவர் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார், தனியே போகவேண்டாம் என்று கூட வந்தார். அடக்கம் முடிந்து, கல்லறைகள் கிடந்த சேமக்காலையால் வெளியே வரும்போது பிலோமினா அக்காவின் மகள் என் கையைப் பிடித்தாள். "ரீச்சர், ஆத்துமாக்களின்ரை திருநாளுக்கு அம்மா ஒவ்வொரு வருஷமும் இஞ்சை வந்து எங்கடை ஆக்களுக்கு மெழுகுதிரி கொளுத்திறவ. உங்கடை மகளுக்கும் எண்டு ஒண்டு கூடக் கொளுத்திறவ. பேர் என்னெண்டு கேட்டா, அது ரீச்சரின்ரை விசயம் எண்டிடுவா." எனக்கு அது தெரியாது. இத்தனை வருடம் ஒரு நாளும் அவர் சொல்லவில்லை.

திரும்பி வரும் படகில் இவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"பேர் வைச்சிருந்தனீரோ?"

"கேட்ட ஆளுக்கு அப்பவே சொல்லிப்போட்டன்," என்றேன். அந்த ஆளுக்குத்தான் ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் நாங்கள் இரண்டு பேரும் மண் போட்டுவிட்டு வந்திருந்தோம்.